காற்றைத் தின்னும் மிருகமா?

காற்றை மட்டுமே தின்று ஒரு மிருகம் உயிர்வாழ முடியுமா? முடியும் என்று ஒருவர் நம்பினார். அவர் ஸ்பெயின் நாட்டுக்காரர், பெயர் ஓவியேடோ. கொலம்பஸ் அமெரிக்காவுக்குக் கடல்வழி கண்டு இருபது ஆண்டுகள் கழிந்தபின், 1514-ல் கப்பலேறி அங்கே போனவர். தான் கண்ட செடிகொடிகளையும் விலங்குகளையும் பற்றி எழுதிவைத்தார். 1526-ல் வெளிவந்த அவருடைய நூலில் ஒரு விசித்திரப் பிராணி வருகிறது. அதைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்திருக்கிறார். அது எதைத் தின்கிறது என்று அவரால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. கடைசியில், இது காற்றைத்தான் உண்கிறது போலும் என்று முடிவுகட்டிவிட்டார். இவ்வளவு அழகற்ற, இவ்வளவு பயனற்ற பிராணியைத் தான் பார்த்ததே இல்லை என்றும் எழுதினார்.

இருநூறு ஆண்டுகளுக்கு மேல் போயிற்று. பிரான்சின் பெரிய இயற்கை அறிஞர் பூஃபோன் அதே பிராணியைப் பற்றி எழுதினார். அவரும் நல்ல வார்த்தை சொல்லவில்லை. இதன் உடம்பில் இன்னும் ஒரே ஒரு குறை கூடியிருந்தால் இது பிழைத்தே இருக்காது என்ற கருத்தில் எழுதிவைத்தார். அவ்வளவு பெரிய அறிஞர் சொன்னதால் உலகமும் அதை நம்பியது.

அந்தப் பிராணிதான் மூவிரல் ஸ்லாத். ‘ஜூடோபியா’ படம் பார்த்தவர்களுக்கு உடனே நினைவு வந்திருக்கும். வாகன அலுவலகத்தில் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே நீண்ட நேரம் எடுத்துக்கொள்கிற அந்தப் பாத்திரம் இந்தப் பிராணியேதான்.

முதன்முதலில் இதற்காக வாதாடியவர் சார்லஸ் வாட்டர்டன் என்ற ஆங்கிலேயர். தென் அமெரிக்காவின் கயானா காடுகளில் செருப்பில்லாமல் அலைந்தவர். அவருடைய பயண நூல் 1825-ல் வெளிவந்தது. அவர் சொன்னது இதுதான்: எல்லாரும் இந்தப் பிராணியைத் தரையில் போட்டுப் பார்த்துத் தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள். தரை அதனுடைய இடமே இல்லை. அது கிளையில் பிறந்து, கிளையில் வளர்ந்து, கிளையில் தூங்குவது. கிளைக்கு மேலே நிற்பதில்லை, கிளைக்குக் கீழே தொங்குகிறது. அங்கே போய்ப் பாருங்கள், அதன் உடம்பில் ஒரு குறையும் தெரியாது.

வாட்டர்டன் சொன்னது முழுக்கச் சரி. அவருக்குப் பின் வந்த ஆராய்ச்சிகள் எல்லாம் அதைத்தான் மேலும் மேலும் காட்டுகின்றன. வாருங்கள், நாமும் மரத்துக்கே போய்ப் பார்ப்போம்.

மரம் ஏறுமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊர்ச் செய்திகளில் சில சமயம் ஸ்லாத்தைத் ‘தேவாங்கு’ என்று எழுதிவிடுகிறார்கள். தேவாங்கு வேறு. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் கடவூர்ப் பகுதியில் வாழ்கிறதே, 2022-ல் சரணாலயம்கூட அறிவித்தார்களே, அந்தப் பெரிய கண்ணுக்காரத் தேவாங்கு குரங்கு வரிசையைச் சேர்ந்தது. இரவில் பூச்சி பிடித்துத் தின்னும். ஸ்லாத்தோ இலை தின்னி. அமெரிக்கக் கண்டத்தைத் தவிர வேறெங்கும் அது காட்டில் இல்லை. அதன் நெருங்கிய சொந்தம் தென் அமெரிக்க எறும்புதின்னி, தூரத்துச் சொந்தம் உடம்பெல்லாம் ஓடு போர்த்திய ஆர்மடில்லோ.

நம் நாட்டுக் கரடிக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. முதுமலையிலும் மற்றக் காடுகளிலும் கறையான் புற்றைத் தோண்டித் தின்கிற நம் கரடிக்கு நகங்கள் மிக நீளம், மேல்வரிசையில் இரண்டு முன்பற்கள் கிடையாது. இதைப் பார்த்த ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் 1791-ல் இது ஒரு வகை ஸ்லாத் என்றே அறிவியல் பெயர் சூட்டிவிட்டார். பிறகு கரடிதான் எனத் தெளிந்து திருத்தினார்கள். ஆனால் ஆங்கிலத்தில் இன்றும் அது ‘ஸ்லாத் பேர்’தான்.

ஸ்லாத்களில் இரண்டு குடும்பங்கள் உண்டு: இருவிரல், மூவிரல். இந்தக் கணக்கு கைகளுக்கு மட்டும்தான், கால்களில் எல்லா ஸ்லாத்களுக்கும் மூன்று விரல்களே. உயிர்க்காட்சிசாலைகளில் காண்பது பெரும்பாலும் இருவிரல் வகை. அது கொடுப்பதை ஓரளவு தின்னும். மூவிரல் வகை தன் காட்டின் இலைகளை விட்டால் வாழ்வது மிகக் கடினம். அதனால் அதைப் பார்க்க வேண்டுமானால் ஹோண்டுராஸ் தொடங்கி, கோஸ்டாரிகா, பனாமா, அமேசான் என்று அர்ஜென்டினாவின் வட எல்லைவரை பரவியிருக்கும் மழைக்காடுகளுக்குத்தான் போக வேண்டும். மூவிரல் வகையில் நான்கு இனங்கள் என்று நூல்கள் சொல்லிவந்தன. பிரேசிலின் கடலோரக் காட்டில் வாழும் பிடரிமயிர் ஸ்லாத் உண்மையில் இரண்டு இனங்கள் என்று 2022-ல் ஓர் ஆய்வு சொன்னது. ஆக, இப்போது ஐந்து என்று எண்ணுவோரும் உண்டு. இவற்றில் அதிகம் காணப்படுவது பழுப்புத் தொண்டை ஸ்லாத். எடை 4 கிலோ அளவில் இருக்கும். நாம் பேசப்போவது பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

இது ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது? பதில் அதன் சாப்பாட்டில் இருக்கிறது.

காட்டில் எங்கு திரும்பினாலும் இலை. போட்டியே இல்லாத சாப்பாடு என்று தோன்றும். ஆனால் இலையில் சத்து குறைவு, நார் அதிகம். பல மரங்கள் தம் இலைகளைக் காத்துக்கொள்ள உள்ளே நச்சுப்பொருளும் வைத்திருக்கின்றன. மாடு நாளெல்லாம் மேய்ந்து, அசைபோட்டு, பெரிய வயிற்றில் நொதிக்கவைத்துச் சமாளிக்கிறது. அவ்வளவு பெரிய வயிற்றைத் தூக்கிக்கொண்டு மெல்லிய கிளையில் தொங்க முடியாது. அதனால்தான் பாலூட்டிகளில் மரத்தில் வாழ்ந்து இலையை மட்டுமே நம்பியிருப்பவை மிகச் சில. ஆஸ்திரேலியாவின் கோவாலா ஒன்று, ஸ்லாத் இன்னொன்று.

ஸ்லாத்தின் வயிறு பல அறைகள் கொண்டது. அந்த அறைகளில் வாழும் நுண்ணுயிரிகள்தான் இலையின் நாரைச் சிதைத்துத் தருகின்றன. அவசரமே இல்லாத வேலை அது. தின்ற இலை வெளியே வர வாரக்கணக்கில் ஆகும், ஒரு மாதம்வரைகூடப் போகும். வயிறு எப்போதும் நிறைந்தே இருக்கும். ஸ்லாத்தின் மொத்த எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வயிற்றில் கிடக்கும் இலைதான்! ஓவியேடோ தன் வீட்டில் அது எதையும் தின்னக் காணாததற்குக் காரணம் இப்போது புரிகிறதா? அதன் வயிற்றில் ஏற்கெனவே பல நாளைக்குரிய சாப்பாடு இருந்திருக்கும். அதற்குப் பழக்கமான இலையை அவர் கொடுத்திருக்கவும் மாட்டார்.

வருமானம் கொஞ்சம் என்றால் செலவையும் கொஞ்சமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்லாத்தின் உடம்பு முழுவதும் இந்த ஒரே கணக்கில்தான் அமைந்திருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஜொனதன் பாலியும் அவருடைய குழுவினரும் கோஸ்டாரிகாவில் காட்டு ஸ்லாத்கள் ஒரு நாளில் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகின்றன என்று அளந்தார்கள். 2016-ல் முடிவு வெளிவந்தது. மூவிரல் ஸ்லாத்தின் செலவு நாளொன்றுக்கு ஏறக்குறைய 460 கிலோஜூல்தான். அதுவரை அளக்கப்பட்ட பாலூட்டிகள் எதிலும் இவ்வளவு குறைந்த செலவு பதிவானதில்லை. கலோரியில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 110 கலோரி. நீங்கள் காலையில் சாப்பிடும் இரண்டு இட்லியில் இருக்கிற ஆற்றல்! அதைக்கொண்டு ஒரு நாள் முழுக்க மூச்சுவிட்டு, மரம் ஏறி, இலை பறித்து, குட்டியையும் சுமக்கிறது.

இந்தச் சிக்கனத்தை எங்கெங்கே செய்கிறது தெரியுமா? நம் உடம்பு இரவும் பகலும் 37 பாகைச் சூட்டிலேயே இருக்க வேண்டும். அதற்காகவே நாம் தின்பதில் பெரும்பங்கு எரிகிறது. மூவிரல் ஸ்லாத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. காட்டின் வெப்பத்தையொட்டி அதன் உடல் வெப்பம் பல பாகைகள் ஏறி இறங்கும், 30 பாகைக்குக் கீழேயும் போகும். குளிர்ந்த இரவு கழிந்து பொழுது விடிந்தால், மர உச்சிக்கு ஏறி வெயில் காயும். இது பல்லியும் ஓணானும் செய்கிற வேலை. பாலூட்டிகளில் இப்படி வெயிலை நம்பி வாழ்வது அபூர்வம்.

அடுத்த சிக்கனம் தசையில். தசை சும்மா இருந்தாலும் அதற்குத் தீனி போட வேண்டும். ஸ்லாத்துக்கு அதன் உடல் அளவுள்ள மற்ற விலங்குகளைவிடத் தசை மிகக் குறைவு. ஆனால் இருக்கிற தசை வெகு உறுதியானது. ஓடுவதற்கு உதவாது, பிடித்துக்கொண்டே இருப்பதற்கு உதவும். கைகள் கால்களைவிட நீளம். விரல்கள் சேர்ந்தே இருக்கும். அவற்றின் நுனியில் நீண்டு வளைந்த நகங்கள். கிளையைப் பற்றிவிட்டால் பிடி இறுகி நின்றுவிடும், தொங்குவதற்கென்று பெரிதாகச் சக்தி செலவழிக்க வேண்டியதில்லை. உயிர் போன பிறகும் கிளையிலேயே தொங்கிக்கொண்டிருந்த ஸ்லாத்களைக் கண்டிருக்கிறார்கள்.

ஆனால் தலைகீழாகத் தொங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் கம்பியில் காலை மாட்டித் தலைகீழாகத் தொங்கியிருந்தால் தெரியும், சிறிது நேரத்தில் மூச்சுவிடக் கஷ்டமாக இருக்கும். வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகள் எல்லாம் சரிந்து நுரையீரலை அழுத்துவதே காரணம். ஸ்லாத்தின் வயிறோ இலையால் நிறைந்த கனத்த வயிறு. அது நுரையீரல்மேல் உட்கார்ந்தால் என்ன ஆகும்? 2014-ல் ரெபெக்கா கிளிஃப் என்ற பிரிட்டன் ஆய்வாளரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் இதற்கு விடை கண்டார்கள். ஸ்லாத்தின் கல்லீரல், இரைப்பை முதலிய உறுப்புகளைக் கீழ் விலா எலும்புகளோடு பிடித்துவைக்கும் நார்த் திசுக்கள் இருக்கின்றன. எனவே பாரத்தை விலா எலும்பு தாங்கிக்கொள்கிறது, நுரையீரல் தப்பிக்கிறது. இதனால் தலைகீழாக இருக்கையில் அதன் ஆற்றல் செலவில் 7 முதல் 13 சதவீதம்வரை மிச்சமாகிறது என்று கணக்கிட்டார்கள். இரண்டு இட்லியில் நாளை ஓட்டும் பிராணிக்கு இது பெரிய சேமிப்பு.

முடி வளர்வதும் தலைகீழ்தான். நாய்க்கும் பூனைக்கும் முதுகில் வகிடு எடுத்த மாதிரி முடி வயிற்றை நோக்கிச் சரியும், மழை வழிந்து ஓடிவிடும். ஸ்லாத்துக்கு வகிடு வயிற்றில்! அங்கிருந்து முதுகை நோக்கி முடி வளர்கிறது. தொங்கும்போது வயிறுதானே மேலே இருக்கிறது.

இனி கழுத்து. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. உங்கள் கழுத்தில் எத்தனை முள்ளெலும்புகள்? ஏழு. எலிக்கு? ஏழு. ஒட்டகச்சிவிங்கிக்கு? அதற்கும் ஏழே, ஒவ்வொன்றும் நீளம், அவ்வளவுதான். நீலத்திமிங்கலத்துக்கும் ஏழு. பாலூட்டிகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இதே விதி. இந்த விதியை மீறியவை கடல்பசு இனத்தைச் சேர்ந்த மானட்டியும் ஸ்லாத்களும்தான். மானட்டிக்கு ஆறு. இருவிரல் ஸ்லாத்துக்கு ஐந்து முதல் ஏழு. மூவிரல் ஸ்லாத்துக்குப் பெரும்பாலும் ஒன்பது! அதனால் உடம்பை அசைக்காமலே தலையைப் பின்பக்கம் தாண்டியும் திருப்பிவிடும். ஒரு சுற்று 360 பாகை என்றால், ஏறக்குறைய 270 பாகைவரை அதன் தலை சுழலும். இருந்த இடத்திலிருந்தே சுற்றிலும் உள்ள இலைகளை எட்டலாம்.

கூடுதல் எலும்புகள் எங்கிருந்து வந்தன? 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், கருவில் இருக்கும் ஸ்லாத் குட்டிகளில் எலும்புகள் எந்த வரிசையில் கெட்டிப்படுகின்றன என்று பார்த்தார்கள். கழுத்தின் அடியில் இருக்கும் அந்தக் கூடுதல் எலும்புகள், மற்றப் பாலூட்டிகளில் மார்புப் பகுதி எலும்புகள் கெட்டிப்படும் வரிசையிலேயே கெட்டிப்பட்டன. அதாவது அவை பிறப்பால் மார்புப் பகுதி முள்ளெலும்புகள்! விலா எலும்பை இழந்து கழுத்தின் வேலைக்கு வந்துவிட்டவை. விதியை மீறியதாகத் தோன்றிய பிராணி, உள்ளே பார்த்தால் அதே விதியைத்தான் வேறு வழியில் காப்பாற்றியிருக்கிறது.

இப்போது அதன் ரோமத்தை நெருங்கிப் பார்ப்போம். மழைக்காலத்தில் ஸ்லாத் பச்சை நிறமாகத் தெரியும். அது சாயமும் இல்லை, அழுக்கும் இல்லை, பாசி. மூவிரல் ஸ்லாத்தின் முடியில் குறுக்கே நுண்ணிய வெடிப்புகள் உண்டு. அதில் ஈரம் தங்கும், பாசி வளரும். ட்ரைக்கோஃபிலஸ் என்ற பாசிவகை ஸ்லாத் ரோமத்தில்தான் வாழ்கிறது. தாயின் உடம்பிலிருந்து குட்டியின் உடம்புக்குப் போகிறது. கூடவே பூஞ்சைகள் உண்டு. 2014-ல் பனாமா காட்டு ஸ்லாத்களின் முடியிலிருந்து எடுத்த பூஞ்சைகளைச் சோதனைக்கூடத்தில் பார்த்தபோது, அவற்றில் சில மலேரியாக் கிருமியையும் சில புற்றுநோய்ச் செல்களையும் எதிர்க்கும் பொருள்களைச் சுரந்தன. மருந்தாக அது மாற எவ்வளவோ தூரம் போக வேண்டும். ஆனாலும் ஒரு பிராணியின் முடிக்குள் இவ்வளவு இருக்கிறது என்பதே வியப்பு.

அந்துப்பூச்சிகளும் அங்கே குடியிருக்கின்றன. இவற்றின் கதையைச் சொல்ல வேண்டுமானால் ஸ்லாத்தின் வாழ்க்கையிலுள்ள பெரிய புதிரைச் சொல்ல வேண்டும்.

மூவிரல் ஸ்லாத் மலம் கழிப்பது வாரத்துக்கு ஒருமுறை. அதற்காக அவ்வளவு உயரத்திலிருந்தும் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கி வருகிறது. குட்டை வாலால் மரத்தடியில் சிறு பள்ளம் பறித்து, வேலையை முடித்து, சருகால் மூடிவிட்டு மறுபடி ஏறுகிறது. எதற்காக இந்த வேலை? மேலேயிருந்தே போட்டுவிடலாமே? மற்ற மரவாழ் விலங்குகள் அப்படித்தானே செய்கின்றன? தரையில் ஜாகுவாரும் ஓசலாட் பூனையும் திரிகின்றன. ஸ்லாத்தால் ஓட முடியாது. அதன் பின்கால்கள் உடம்பைத் தாங்கி நடப்பதற்கு ஏற்றவை அல்ல, கைகளை நீட்டி நகத்தை ஊன்றி உடம்பை இழுத்துத்தான் நகர வேண்டும். இரண்டு இட்லிக் கணக்கில் வாழும் பிராணி, உயிரைப் பணயம் வைத்து, இவ்வளவு ஆற்றலையும் செலவழித்து ஏன் இறங்குகிறது?

ஜொனதன் பாலியின் குழு 2014-ல் ஒரு விளக்கம் தந்தது. ஸ்லாத் இறங்கும்போது அதன் ரோமத்தில் இருக்கும் பெண் அந்துப்பூச்சி அந்தப் புது மலத்தில் முட்டையிடுகிறது. புழுக்கள் அதைத் தின்று வளர்ந்து, இறக்கை முளைத்ததும் மேலே பறந்து போய் ஒரு ஸ்லாத்தைத் தேடிக் குடியேறுகின்றன. அங்கேயே மடிந்து மட்கும்போது அவற்றின் உடம்பில் உள்ள நைட்ரஜன் பாசிக்கு உரமாகிறது. அந்துப்பூச்சி அதிகம் உள்ள ஸ்லாத்களின் ரோமத்தில் நைட்ரஜனும் அதிகம், பாசியும் அதிகம் என்று அளந்து காட்டினார்கள். ஸ்லாத்களின் வயிற்றிலும் அந்தப் பாசி இருந்தது. பாசியில் கொழுப்புச்சத்து நிறைய. ஆகவே ஸ்லாத் தன் உடம்பிலேயே ஒரு தோட்டம் வளர்த்து, அதை நக்கித் தின்கிறது, தோட்டத்துக்கு உரம் போடவே இறங்கி வருகிறது என்பது அவர்கள் வாதம்.

எல்லா விஞ்ஞானிகளும் இதை ஒப்புக்கொண்டுவிடவில்லை. பாசியிலிருந்து கிடைக்கும் சத்து அவ்வளவு ஆபத்துக்கு ஈடாகாது என்கிறார்கள் சிலர். மரத்தடியில் விட்டுச்செல்லும் வாசனையால் தன் இருப்பை மற்ற ஸ்லாத்களுக்கு, முக்கியமாகத் துணை தேடுவோருக்கு, அறிவிக்கிறது என்பது அவர்கள் கருத்து. இரண்டுமே உண்மையாகவும் இருக்கலாம். பெரியவர்களாகி இந்தப் புதிரை நீங்களே போய் அவிழ்க்கலாம், காடு மீதம் இருந்தால்.

பச்சை ரோமத்தால் இன்னொரு நன்மை உண்டு. மேலே வானத்தில் ஹார்ப்பி கழுகு சுற்றுகிறது. உலகின் வலிமையான கழுகுகளில் ஒன்று. அதன் கூட்டின் கீழே கிடக்கும் எலும்புகளில் ஸ்லாத் எலும்புகள் நிறைய. அசையாத, பச்சை பூசிய உருவத்தை இலைக்கூட்டத்தில் கண்டுபிடிப்பது அந்தக் கழுகுக்கும் எளிதல்ல. ஓடித் தப்பிக்க முடியாதவன் ஒளிந்துதானே தப்பிக்க வேண்டும்! மெதுவாக அசைவதும் இங்கே பாதுகாப்புதான். மேலும் ஸ்லாத்தின் கண்ணில் நிறம் காணும் கூம்புச் செல்கள் இல்லை என்று மரபணு ஆய்வு காட்டியிருக்கிறது. நிறம் தெரியாது, பளீர் வெளிச்சத்தில் பார்வையும் மங்கல். சரியாகப் பார்க்க முடியாத ஒருவர் முப்பது மீட்டர் உயரத்தில் கிளைவிட்டுக் கிளை தாவினால் என்ன ஆகும்? ஒவ்வொரு கிளையையும் தொட்டு, முகர்ந்து, பிடித்து, உறுதிசெய்துகொண்டு நகர்வதுதான் புத்திசாலித்தனம்.

அப்படியானால் நாளெல்லாம் தூங்குகிறதே, அது சோம்பல்தானே என்று கேட்பீர்கள். கூண்டில் அடைத்தவற்றைப் பார்த்து ஒரு நாளில் 16 மணி நேரம் தூங்குகிறது என்று எழுதினார்கள். 2008-ல் பனாமாவின் பாரோ கொலராடோ தீவில், காட்டு ஸ்லாத்களின் தலையில் மூளை அலைகளைப் பதியும் சிறு கருவியைப் பொருத்தி அளந்தார்கள். 9.6 மணி நேரம்தான் வந்தது. உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் சொல்கிற தூக்கமும் ஏறத்தாழ அவ்வளவுதான்!

குட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒரு முறைக்கு ஒரே குட்டி. பிறந்ததும் தாயின் வயிற்று ரோமத்தைப் பற்றிக்கொள்ளும். அதுதான் அதற்குத் தொட்டில், வண்டி, பள்ளிக்கூடம் எல்லாம். சில வாரங்களிலேயே தாயின் வாயோரம் ஒட்டியிருக்கும் இலைத்துணுக்கை நக்கிப் பார்க்கத் தொடங்கும். எந்த மரத்து இலை தின்னலாம் என்பதை அப்படித்தான் கற்றுக்கொள்கிறது. இலையைச் செரிக்கவைக்கும் நுண்ணுயிரிகளும் தாயிடமிருந்தே வந்து சேர்கின்றன. ஏறக்குறைய ஆறு மாதம் தாய் சுமக்கிறாள். பிறகு தன் எல்லையில் ஒரு பகுதியைக் குட்டிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அவள் ஒதுங்கிப் போய்விடுகிறாள். அந்தக் குட்டி தாய் தின்ற மரங்களையே தேடித் தின்னும். ஒரே காட்டில் வாழும் இரண்டு ஸ்லாத் குடும்பங்களின் மரப் பட்டியல் வேறுவேறாக இருப்பது இதனால்தான்.

தரையில் தடுமாறும் இந்தப் பிராணி தண்ணீரில் இறங்கினால் நன்றாக நீந்தும். வயிற்றில் நிறைந்திருக்கும் இலை நொதிக்கும்போது உண்டாகும் வாயு மிதக்க உதவுகிறது. நீண்ட கைகளை வீசி ஆற்றைக் கடந்துவிடும். பனாமாவின் கடலோரத்தில் எஸ்குடோ டி வெராகுவாஸ் என்றொரு சின்னத் தீவு இருக்கிறது. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் உயர்ந்து நிலத்திலிருந்து துண்டிக்கப்பட்ட தீவு. அங்கே அகப்பட்டுக்கொண்ட ஸ்லாத்கள் தலைமுறை தலைமுறையாக உருவில் சிறுத்து, குள்ள ஸ்லாத் என்ற தனி இனமாகிவிட்டன. 2001-ல்தான் அதைத் தனி இனம் என்று அறிந்தார்கள். உலகில் வேறெங்கும் அது இல்லை. அழிவின் விளிம்பில் உள்ள விலங்குகளில் ஒன்று.

சிறுத்தவர்களைப் பார்த்தோம், பெருத்தவர்களும் இருந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அர்ஜென்டினாவின் லுஹான் ஆற்றோரம் ஒரு பிரம்மாண்டமான எலும்புக்கூடு கிடைத்தது. அதை ஸ்பெயினின் மாட்ரிட் நகருக்கு அனுப்பினார்கள், இன்றும் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1796-ல் பிரான்சின் குவியே என்ற இயற்கை அறிஞர் அதன் வரைபடங்களை ஆராய்ந்து, இது ஸ்லாத்தின் சொந்தக்காரன் என்று சொல்லி மெகாதீரியம் என்று பெயர் வைத்தார். யானை அளவு! 6 மீட்டர் நீளம், 4 டன் எடை. தரையில் நடந்து, பின்காலில் எழுந்து நின்று மரக்கிளையை வளைத்துத் தின்றது. இப்படிப் பல வகைத் தரை ஸ்லாத்கள் அமெரிக்கக் கண்டங்கள் முழுக்க வாழ்ந்தன. பெருநிலத்தில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு அவை மறைந்துவிட்டன.

2019-ல் பழைய எலும்புகளில் எஞ்சிய மரபணுக்களையும் புரதங்களையும் ஒப்பிட்டபோது பலரும் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. மூவிரல் ஸ்லாத் மெகாதீரியத்தின் கிளையில் வருகிறது. இருவிரல் ஸ்லாத் முற்றிலும் வேறொரு தரை ஸ்லாத் கிளையில் வருகிறது. இரண்டின் வழிகளும் பிரிந்து ஏறக்குறைய 3 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அப்படியானால் ஒரே மரத்தில் ஒரே மாதிரித் தொங்கும் இவை இரண்டும் தனித்தனியாக மரம் ஏறி, தனித்தனியாகத் தலைகீழாகத் தொங்கக் கற்றவை! குறைபட்ட வாழ்க்கை என்று பூஃபோன் சொன்னதை இயற்கை இரண்டு முறை தேர்ந்தெடுத்திருக்கிறது. மலைபோன்ற உறவினர்கள் மறைந்துபோக, மெதுவாக நகர்ந்த இந்தச் சின்ன உருவங்கள்தான் இன்றுவரை நிற்கின்றன.

இன்றைக்கு அவற்றுக்குப் பெரிய பகை கழுகு அல்ல. காட்டை வெட்டிச் சாலை போட்டால், ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகத் தரையில் இறங்க வேண்டியிருக்கிறது. சாலையில் வாகனம் அடிக்கிறது, ஊருக்குள் நாய்கள் கடிக்கின்றன. கிளை என்று நினைத்து மின்கம்பியைப் பிடித்துக் கருகுகின்றன. கோஸ்டாரிகா 2021-ல் ஸ்லாத்தைத் தன் தேசியச் சின்னங்களில் ஒன்றாக அறிவித்தது. அங்கே சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கயிற்றுப்பாலம் கட்டிவிடுகிறார்கள். ஸ்லாத்கள் அதில் தொங்கியபடியே சாலையைக் கடக்கின்றன. செலவு குறைந்த, அருமையான வேலை.

இன்னொரு ஆபத்து உங்கள் கைக்கே வருகிறது. அமேசான் பகுதியில் சிலர் ஸ்லாத்களைக் காட்டிலிருந்து பிடித்துவந்து, சுற்றுலாப் பயணிகள் கட்டிக்கொண்டு படம் எடுக்கக் காசு வாங்குகிறார்கள். கைக்குக் கை மாறுகிறது, இலை கிடைப்பதில்லை. அதன் முகம் எப்போதும் சிரிப்பது மாதிரித் தெரியும். அது சிரிப்பு அல்ல, வாயோரத்தின் அமைப்பும் கண்ணருகே ஓடும் கறுப்புக் கோடுகளும் அப்படிக் காட்டுகின்றன. பயத்தில் இருந்தாலும் அதே முகம்தான். ஆகவே, பிள்ளைகளே, யாரோ ஒருவர் ஸ்லாத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கும் படமோ வீடியோவோ போனில் வந்தால், அதற்கு லைக் போடாதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் அனுப்பினால் ஏன் கூடாது என்று அவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.